'கண்டுபிடித்தார்' என்று எழுதும் முன்

பிப்ரவரி வந்தால் அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்தப் பட்டியல் ஒரு சுற்று வந்துவிடும். பல்பு, டிராஃபிக் சிக்னல், ஃபிரிட்ஜ், லிஃப்ட், பீநட் பட்டர் எல்லாம் கறுப்பினத்தவர் கண்டுபிடித்தவை, வரலாறு மறைத்துவிட்டது என்று சொல்லும். நோக்கம் நல்லதுதான். நானும் ஒருமுறை அதை நம்பி ஒரு சின்னக் கட்டுரை எழுதினேன். படித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எடிசன் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தவர், எடிசனுக்கு முன்னாடியே எப்படிங்க பல்பைக் கண்டுபிடிச்சாரு?" என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்தேன். பெயர்கள் உண்மை, காப்புரிமைகள் உண்மை, ஆண்டுகளும் பெரும்பாலும் சரி. கோளாறு 'கண்டுபிடித்தார்' என்கிற அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

முழுப் பொருளையும் ஒருவர் தலையில் கட்டுவது

அந்தக் கேள்வியில் வந்தவர் லூயிஸ் லாட்டிமர். வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்து பாஸ்டனுக்குத் தப்பி வந்த தம்பதியின் மகன், 1848-இல் பிறந்தவர். காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தே வரைபடக் கலையைக் கற்றுக்கொண்டார். 1876-இல் கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்குப் படம் வரைந்தவர் இவரே. பிறகு ஹைரம் மாக்சிமின் மின்விளக்கு கம்பெனிக்குப் போனார். அது எடிசனுக்குப் போட்டி கம்பெனி.

அன்றைய பல்பின் உயிர், உள்ளே இருக்கும் கார்பன் இழை. தாள் போன்ற நார்ப்பொருளை மெல்லிய கீற்றாக வெட்டி, காற்றுப் படாமல் சூட்டில் வைத்துக் கரியாக்க வேண்டும். அப்பளம் வெயிலில் காயும்போது ஓரம் சுருள்வது போல, இந்தக் கீற்றும் சூட்டில் சுருங்கி நெளியும். நெளிந்த இழை சீராக எரியாது, சீக்கிரம் உடைந்தும் போகும். லாட்டிமர் ஒவ்வொரு கீற்றையும் ஓர் அட்டை உறைக்குள் வைத்துச் சுட்டார். கீற்று சுருங்கும் அதே அளவுக்கு உறையும் சுருங்குவதால் இழை நெளியவில்லை. 1882 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. எடிசன் கம்பெனியில் அவர் சேர்ந்தது அதற்குப் பிறகு, 1884-இல்.

'பல்பைக் கண்டுபிடித்தார்' என்று எழுதிவிட்டால் இந்த அட்டை உறைக்கு இடமே இல்லை. விவரம் தெரிந்தவர் அந்த வரியைப் படித்ததும் சிரிப்பார். லாட்டிமர் உண்மையில் செய்ததும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

டிராஃபிக் சிக்னலைக் கண்டுபிடித்தவர் என்று பட்டியல் சொல்லும் காரெட் மார்கன் விஷயமும் இப்படித்தான். லண்டனில் 1868-லேயே எரிவாயு விளக்கு சிக்னல் இருந்தது; அடுத்த மாதமே வெடித்தது. மார்கன் வாழ்ந்த கிளீவ்லாந்திலேயே 1914-இல் மின்சார சிக்னல் வந்துவிட்டது. மூன்று நிற விளக்கை 1920-இல் டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் வைத்தார். மார்கன் 1923-இல் காப்புரிமை வாங்கியது, கைகள் நீட்டிய ஒரு கம்பத்துக்கு. போலீஸ்காரர் கையால் இயக்க வேண்டும். 'நில்', 'போ' தவிர, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நிற்கச் சொல்லும் ஒரு நிலையும் அதில் உண்டு. நடந்து போகிறவர் சாலையைக் கடக்க அந்த இடைவெளி.

என்னைக் கேட்டால், மார்கனைப் பற்றி எழுத சிக்னலை விட அவருடைய புகைக் கவசம்தான் சரியான இடம். 1916-இல் ஈரி ஏரிக்கு அடியில் குடிநீர்ச் சுரங்கம் தோண்டும்போது வாயு வெடித்துத் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். மீட்கப் போனவர்களும் திரும்பவில்லை. மார்கனும் அவர் சகோதரர் ஃபிராங்கும் கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். அதே கவசத்தைத் தென் மாநிலங்களில் விற்க, ஒரு வெள்ளைக்காரரைக் கண்டுபிடிப்பாளராக நடிக்க வைக்க வேண்டியிருந்தது. மார்கனே செவ்விந்தியர் வேஷம் போட்டுக்கொண்டு புகைக்குள் நுழைந்து காட்டுவார்.

பழைய சொல்லை இன்றைய அர்த்தத்தில் படிப்பது

'1891, ஜான் ஸ்டாண்டர்ட், ரெஃப்ரிஜிரேட்டர்' என்று ஒரு வரி பட்டியலில் இருக்கும். அன்றைக்கு வீட்டு ரெஃப்ரிஜிரேட்டர் என்றால் ஐஸ் கட்டி வைக்கும் பெட்டி. அந்தப் பெட்டியின் அமைப்பைத்தான் அவர் மேம்படுத்தினார். மின்சார ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. டுலூத் நகரத்து அலெக்சாண்டர் மைல்ஸ் 1887-இல் காப்புரிமை வாங்கியது லிஃப்டுக்கு இல்லை, கூண்டு வந்து போவதற்கேற்ப மாடிக் கதவு தானாகத் திறந்து மூடும் ஏற்பாட்டுக்கு. திறந்து கிடந்த குழிக்குள் ஆட்கள் விழுந்துகொண்டிருந்த காலம் அது. சாரா பூன் 1892-இல் கொடுத்ததும் முதல் இஸ்திரிப் பலகை அல்ல. சட்டைக் கையும் வளைவான தையலும் மடிப்பு விழாமல் தேய்க்கத் தோதான குறுகிய, வளைந்த பலகை.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? காப்புரிமைத் தாளில் விண்ணப்பித்தவரின் இனம் என்ன என்று எழுதும் வழக்கம் கிடையாது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த கறுப்பினத்தவரான ஹென்றி பேக்கர், 1900-ஐ ஒட்டி வழக்கறிஞர்களுக்கும் கம்பெனிகளுக்கும் கடிதம் போட்டு விசாரித்து, பெயர் பெயராகச் சேர்த்தார். அவர் போட்டது நேர்மையான பட்டியல்: பெயர், காப்புரிமையின் தலைப்பு, எண், தேதி. தலைப்பு 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்றிருந்தால் அப்படியே எழுதினார். பிற்காலத்தில் நகலெடுத்தவர்கள்தான் அதை 'ஃபிரிட்ஜைக் கண்டுபிடித்தவர்' ஆக்கினார்கள்.

கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகவே நம்புவது

எலைஜா மெக்காயின் தானியங்கி எண்ணெய்க் கருவி 1872-இல் வந்தது. வண்டியை நிறுத்தாமலே நீராவி எஞ்சினுக்கு எண்ணெய் விடலாம். அதனால்தான் அசல் சரக்கை ஆங்கிலத்தில் 'தி ரியல் மெக்காய்' என்கிறார்கள் என்பது கதை. ஆனால் அதே மாதிரி 'ரியல் மக்கே' என்ற சொல் ஸ்காட்லாந்தில் 1856-லேயே அச்சில் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பீநட் பட்டரைக் கண்டுபிடிக்கவில்லை. கடலை விழுதுக்கு மான்ட்ரியல்காரர் ஒருவர் 1884-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பருத்தி போட்டுப் போட்டுச் சத்து வற்றிய மண்ணில் கடலையும் தட்டைப்பயறும் போடச் சொன்னதுதான் கார்வர் செய்த பெரிய காரியம். அவற்றின் வேர், காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும்.

சார்ல்ஸ் ட்ரூ கதைதான் இவற்றில் கனமானது. ரத்த பிளாஸ்மாவைப் பெரிய அளவில் சேகரித்துக் காக்கும் முறையை ஒழுங்குபடுத்தி, 1940-இல் பிரிட்டனுக்கு அனுப்பும் திட்டத்தை நடத்தியவர். 1950-இல் கார் விபத்தில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்காததால் ரத்தம் கிடைக்காமல் செத்தார் என்று பரவியது. அது நடக்கவில்லை. வட கரோலினாவில் அவரைக் காப்பாற்ற முயன்றவர்கள் வெள்ளை மருத்துவர்கள்தான், உடன் பயணித்த கறுப்பின மருத்துவரும் அதைச் சொல்லியிருக்கிறார். அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. போர்க் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர் ரத்தத்தை முதலில் வாங்கவே மறுத்தது. பிறகு வாங்கித் தனியாகப் பிரித்து வைத்தது. அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகச் சொன்னார். இதற்கு ஆவணம் இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

ஷெர்லி ஜாக்சன் காலர் ஐடியைக் கண்டுபிடித்தார், கிளாடிஸ் வெஸ்ட் ஜிபிஎஸ்ஸைக் கண்டுபிடித்தார் என்பதும் வரும். முதலாமவர் பெல் ஆய்வகத்தில் இருந்த கோட்பாட்டு இயற்பியலாளர். அவரைக் காலர் ஐடியோடு சேர்ப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. இரண்டாமவர் பூமியின் உருவத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டார். ஜிபிஎஸ்ஸுக்கு அந்தக் கணக்கு தேவை, ஆனால் கணக்கும் கருவியும் ஒன்றல்ல.

'அப்போ எல்லாமே பொய்' என்று மறுகோடிக்குப் போவது

இதுவும் நடக்கிறது. இரண்டு தகவல் தப்பு என்று தெரிந்ததும் மொத்தப் பட்டியலையும் குப்பையில் போடுகிறார்கள். சரி, அவர்களுக்கு யான் மாட்சலிகரைக் காட்டலாம். சுரினாமின் பரமாரிபோவில் 1852-இல் பிறந்து, மாசசூசெட்ஸின் லின் நகரத்துச் செருப்பு ஆலைக்கு வந்தவர். ஷூவின் மேல்தோலைக் கால் வடிவ மரக்கட்டை மேல் இழுத்து, விரல் பக்கமும் குதிகாலிலும் கொசுவிக் கொசுவி மடித்து, அடித்தோலோடு ஆணி அடிக்க வேண்டும். மற்ற வேலைக்கெல்லாம் இயந்திரம் வந்தும் இதற்கு மட்டும் வரவில்லை. கைதேர்ந்தவர் ஒரு நாளைக்கு 50 ஜோடி முடிப்பார். மாட்சலிகர் அந்தக் கை அசைவுகளைப் பார்த்துப் பார்த்து, இழுத்து மடித்து அடிக்கும் இயந்திரம் செய்தார். வரைபடம் அவ்வளவு சிக்கல். புரியாமல் காப்புரிமை அலுவலகமே ஆளை லின்னுக்கு அனுப்பி இயந்திரம் ஓடுவதைப் பார்க்கச் சொன்னது. 1883-இல் காப்புரிமை கிடைத்தது. நாளுக்கு 150 முதல் 700 ஜோடி வரை ஆனது. அவர் 36 வயதில் காசநோயில் இறந்தார். இங்கே எதையும் ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

காப்புரிமை இருப்பவர் மட்டுமே கணக்கு என்று நினைப்பது

1850-களில் மிசிசிப்பியில் ஆஸ்கர் ஸ்டூவர்ட் என்ற பண்ணையாரிடம் நெட் என்ற அடிமை இருந்தார், கொல்லர். பருத்தி வயலில் களை சுரண்ட இரட்டைக் கருவி ஒன்றைச் செய்தார். அடிமை என் சொத்து, அவன் மூளையில் உதித்ததும் என் சொத்து என்று ஸ்டூவர்ட் காப்புரிமை கேட்டார். அடிமை குடிமகன் அல்ல, அதனால் அவன் கண்டுபிடிப்புக்கு அவனுக்கும் காப்புரிமை தர முடியாது, எஜமானுக்கும் தர முடியாது என்று 1858-இல் அரசின் தலைமை வழக்கறிஞர் முடிவு சொன்னார். ஸ்டூவர்ட் காப்புரிமை இல்லாமலே கருவியைச் செய்து விற்றார். வாங்கிய இன்னொரு பண்ணையாரின் பாராட்டையும் விளம்பரத்தில் போட்டார்: இது ஓர் அடிமை செய்தது என்பதில் மகிழ்ச்சி, அடிமைமுறை மூளையை மழுங்கடிக்கிறது என்பது பொய் என்று நிரூபணம் ஆகிவிட்டது, சுதந்திரமாக இருக்கும் கறுப்பன் எவன் எதைக் கண்டுபிடித்தான் என்று.