பழைய சாமானில் அழகுப் பொருள் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருந்துகொண்டு, வீட்டு வரவேற்பறைக்கு ஒரு பழைய பொருள் வேண்டும் என்றால் உடனே காரைக்குடிக்கு வண்டி ஏறுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருப்பது உண்மைதான், ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டிய இடமும்தான். ஆனால் அங்கே விற்கிறவர்களுக்கு எந்தப் பொருள் என்ன விலைக்குப் போகும் என்று நன்றாகத் தெரியும், அதனால் ஏமாந்து குறைத்துத் தர மாட்டார்கள். நம் ஊரில் அதே தரமுள்ள பொருள் காயலான் கடையில் இரும்புக் குவியலுக்கு அடியிலும், பழைய பித்தளையை எடைக்கு எடுக்கிற பாத்திரக் கடையின் பின்கட்டிலும், வீடு காலி செய்கிறவர்களின் திண்ணையிலும் கிடக்கிறது. காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் படிப்புக்கும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் வந்து தங்கி, ஊர் திரும்பும்போது சாமானை விற்றுவிட்டுப் போகிற குடும்பங்களும் உண்டு.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கே உரிய பொருள்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதைத்தான் முதல் தவறு என்பேன். காட்பாடி பக்கத்துக் கரிகிரியில் பச்சை, நீலம், பழுப்பு நிறங்களில் மெருகேற்றிய மண்பாண்டம் செய்திருக்கிறார்கள். பழுப்பும் வெள்ளையுமாக இரண்டு நிறத்தில் இருக்கும் ஊறுகாய் ஜாடிகள் பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வீடுகளில் இருந்து வரும் செம்பு தேக்சா, வெற்றிலைப் பெட்டி, வாய் அகன்ற பித்தளைப் படிக்கம் எல்லாம் செட்டிநாட்டுச் சாமானுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. ஒரு படிக்கத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளே சின்னத் தொட்டி வைத்து மணிபிளான்ட் வளர்த்தால் மூலையில் அவ்வளவு அழகாக இருக்கும். செடியை நேராகப் பித்தளைக்குள் நட வேண்டாம், ஈரமண் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே களிம்பு ஏறும்.

இனி, வாங்கிய பிறகு வீட்டில் நடக்கிற தவறு. மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் கடையில் தவறினால் பணம்தான் போகும், இதில் பொருளே போய்விடும். பழைய பாத்திரத்தைக் கொண்டுவந்த கையோடு பஃபிங் மெஷினில் கொடுத்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். பல வருஷம் கைபட்டு, காற்றுப்பட்டு ஏறிய அந்தத் தேன் நிறம், கொஞ்சம் கருத்த பழுப்பு, அதுதான் அந்தப் பொருளின் அழகு; அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் போன வாரம் கடையில் வாங்கியதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. திரும்ப அந்த நிறம் வர இன்னொரு தலைமுறை ஆகும். பூஜைக்குப் புழங்குகிற விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம், அதை யாரும் தப்புச் சொல்ல முடியாது. அலங்காரத்துக்கு வைக்கிற பொருளுக்குப் புளியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், இரும்பு நார் வேண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீர், மெதுவான பிரஷ், பிறகு நன்றாகத் துடைத்து நிழலில் உலர்த்துவது, இவ்வளவு போதும். வெளிர்பச்சைத் தூள் மாதிரி ஏதாவது துடைக்கத் துடைக்க மறுபடியும் வந்தால் அது மட்டும் வேறு சங்கதி. உலோகத்தை உள்ளுக்குள் அரிக்கிற உப்பு அது, மற்ற பொருள்களிலிருந்து ஒதுக்கி ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

பஃபிங்கில் இன்னொன்றும் அழியும், பாத்திரத்தில் வெட்டிய பேர். நம் வீடுகளில் சீராக வந்த அண்டா, குடம், தவலை எதிலும் புள்ளிபுள்ளியாகப் பேர் வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் ஊர், கல்யாணத் தேதி கூட இருக்கும். 'வேறு யார் பேரோ, நமக்கு எதற்கு' என்று அதைத் தேய்த்துவிடச் சொல்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. அந்தப் பாத்திரம் எந்தக் காலத்தது என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி பெரும்பாலும் அதுதான். எழுத்தைக் கவனித்துப் பாருங்கள்: லை, ளை, ணை, னை எழுத்துகளுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய வடிவம் இருந்தால், 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகும் பெரியவர்கள் பழக்கத்தில் பழைய எழுத்தையே எழுதினார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

தகர டப்பா, தீப்பெட்டி லேபிள், கடைப் பலகை, காலண்டர் மாதிரி அச்சடித்த பொருள்களில் காலம் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம், ஆனால் பலரும் படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தைப் படிப்பதில்லை. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது, அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972-க்குப் பிந்தையது, சந்தேகமே இல்லை. மாநிலத்தின் பேர் மெட்ராஸ் என்று இருந்தால் 1969-க்கு முன்னால். 'வட ஆற்காடு மாவட்டம்' என்று மட்டும் போட்டிருந்தால் 1989-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தையது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இந்த நாலைந்து வருஷங்கள் மனசில் இருந்தால் கடைக்காரர் சொல்கிற கதையை நீங்களே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

கதை என்றால், எல்லாக் கடையிலும் எல்லாப் பொருளுக்கும் ஒரு கதை உண்டு. ஜமீன் வீட்டுச் சாமான், வெள்ளைக்காரன் பங்களாவில் எடுத்தது, பெல்ஜியம் கண்ணாடி. இவற்றில் நிஜமும் இருக்கலாம். ஆனால் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள், பொருளைத் திருப்பிப் பாருங்கள். மேசை என்றால் கீழே குனிந்து பாருங்கள், டிராயரை முழுசாக உருவி அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். 150 வருஷத்துப் பெட்டி என்கிறார், மூடியின் கீலில் ஸ்டார் ஸ்க்ரூ இருக்கிறது, அது சந்தைக்கு வந்ததே 1930-களில்தான் என்றால் ஒன்று கீலை மாற்றியிருக்கிறார்கள், இல்லை பெட்டியே புதுசு. மூலைப் பொருத்துகளில் பல் வெட்டு கொஞ்சம் ஏறி இறங்கி இருந்தால் கைவேலை, அச்சடித்தது மாதிரி ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை.

ஆற்காடு ரூபாய் என்று சட்டம் போட்டு மாட்டும் ஆசையோடு நாணயம் தேடுகிறவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்காடு என்று பொறித்த ரூபாய்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அடித்திருக்கிறார்கள், பேர் இருப்பதால் மட்டும் ஆற்காட்டில் அடித்ததாகாது. 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பதித்து வருகிற 'கம்பெனி காசு' கம்பெனி வெளியிட்டதே இல்லை.

உலோகத்துக்கு வருவோம். கையில் ஒரு சின்னக் காந்தம் இல்லாமல் போகாதீர்கள். பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றும் காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினால் உள்ளே இரும்பு. ஆனால் ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை என்று முடிவுகட்டுவதும் தவறு, அலுமினியத்தின் மேல் பூச்சுக் கொடுத்தாலும் காந்தம் ஒட்டாதே. அதனால் கையில் தூக்கி எடை பாருங்கள், அடிப்பாகத்தில் தேய்ந்த இடத்தில் உள்நிறம் என்ன என்று பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் கணீரென்று நின்று ஒலிக்கும். பழசு மாதிரி ரசாயனத்தில் கருப்பாக்கிய புதுப் பொருள் இப்போது ஏராளம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: நிஜமாகப் புழங்கிய பொருளில் கைபடுகிற இடம், அதாவது பிடி, விளிம்பு, விளக்கின் நடுத்தண்டு, வெளுத்து வழவழப்பாக இருக்கும், இடுக்கில் மட்டும் கருப்பு தங்கியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கருப்பு என்றால் அது பூசிய வயசு. குத்துவிளக்கு வாங்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டிப் பாருங்கள், மேல்தட்டு ஒரு விளக்குடையது, பாதம் வேறு விளக்குடையது என்று சேர்த்து விற்பது சகஜம், மரை சரியாகப் பொருந்தாது, நிறமும் மாறும்.

கிராமபோன் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. பளபளவென்ற பித்தளைக் குழலும் நாய் படமுமாகக் கடைகளில் நிற்பவற்றில் பெரும்பகுதி பழைய மோட்டாரைப் புதுப் பெட்டியில் வைத்துச் சமீபத்தில் செய்தவை. அலங்காரத்துக்கு வாங்கலாம், பழம்பொருள் விலை கொடுக்கக் கூடாது.

மரச் சாமானில் உளுப்பைப் பார்க்காமல் வாங்கினால் அந்த ஒரு நாற்காலி வீட்டுக் கதவு நிலை வரைக்கும் வேலை வைக்கும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் கருத்துப்போய்க் கிடந்தால் அவை பழைய ஓட்டைகள். வெளுத்த மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வராண்டாவில் ஒரு செய்தித்தாள் விரித்து அதன்மேல் சில வாரம் வைத்துப் பாருங்கள், தாளில் புது மாவு விழுந்தால் பூச்சிமருந்துக்காரரைக் கூப்பிடுங்கள். நல்ல தேக்கின் மேல் எனாமல் பெயின்ட் அடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. அப்புறம், மாடிப்படி அகலத்தை அளக்காமல் பீரோவோ ஊஞ்சல் பலகையோ வாங்க வேண்டாம்.

பீங்கான் சுலபம்: விரலால் சுண்டுங்கள், முழுசாக இருந்தால் ஒலிக்கும், கீறல் இருந்தால் டொக்கென்று செத்த சத்தம் வரும். உள்மெருகு வெடித்த ஜாடியை அலமாரியில் வைக்கலாம், அதில் ஊறுகாய் போட வேண்டாம். அதே மாதிரி ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் கூடாது. பழைய தொங்கு விளக்கு, மேசை விசிறி வாங்கினால் ஒயரை முழுசாக மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

ரவிவர்மா படம் கேட்டு அலைகிறவர்கள் ஒரு சின்ன லென்ஸ் எடுத்துக்கொண்டு போனால் போதும். அவருடைய அச்சகம் 1894-இல் மும்பையில் தொடங்கியது, அங்கே கல்லச்சில் அடித்த படங்களை லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல்மணலாகத் தெரியும். இப்போதைய ஆஃப்செட் நகலில் புள்ளிகள் வரிசை தப்பாமல், ஒரே அமைப்பில் இருக்கும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது, மேல்நிறம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே சட்டத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது.

சட்ட விஷயத்தில் 'எல்லாரும்தானே வாங்குகிறார்கள்' என்று நினைப்பது ஆபத்தான தவறு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள், அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, சிற்பம் மாதிரியானவற்றை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். ஆகவே '150 வருஷத்துச் சிலை' என்று ஒருவர் சொன்னால் உரிமத்தையும் பதிவுச் சான்றையும் கேளுங்கள், காட்டவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். கோயிலில் திருடுபோன சிலைகளைத் தேடவே தமிழகக் காவல்துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. நம் பகுதியில் இதைவிட அதிகம் நடப்பது கல் விஷயம். செங்கம், திருப்பத்தூர், ஜவ்வாது மலைப் பக்கம் எல்லாம் நடுகற்கள் நிறைந்த பூமி, செத்த வீரனுக்கு ஊர் எடுத்த கல் அது. எழுத்தோ உருவமோ உள்ள கல்லைத் தோட்டத்து அழகுக்கு யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இருந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அதன் வரலாறு பாதி போய்விடும். யானைத் தந்தச் சீப்பு, மான் கொம்பு, புலி நகம் எதுவானாலும், தாத்தா காலத்தது என்றாலும், வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

விலை பேசும்போது பலர் செய்கிற தவறு, அன்றைய பழைய பித்தளை விலை தெரியாமல் போவது. கிலோவுக்கு எடுக்கிற விலையை முதலில் இரண்டு கடையில் விசாரித்துக்கொண்டால், கேட்கிற விலையில் உலோகத்துக்கு எவ்வளவு, வேலைப்பாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். 'பாய், இதை உருக்கப் போடாமல் எடுத்து வையுங்க, அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்' என்று காயலான் கடையில் சொல்லி வைக்கிற பழக்கம் எந்த பேரத்தையும் விடப் பலன் தரும், கொஞ்ச நாளில் அவரே போன் செய்வார். வீடு காலி செய்கிற குடும்பத்திடம் மட்டும் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். அம்மா புழங்கிய பாத்திரத்தை விற்கிற மனுஷரிடம் நியாயமான விலை சொன்னால், பரணில் இருக்கிற மற்றதையும் இறக்கிக் காட்டுவார். பழைய குடும்பப் போட்டோ சாமானோடு கலந்து வந்துவிட்டால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த நேரத்தில் போவது என்பதிலும் தப்பு செய்கிறோம். மார்கழிக் கடைசியில் எல்லா வீட்டிலும் பரண் இறங்கும், வெள்ளையடிப்பு நடக்கும், பல்லாங்குழி, அஞ்சறைப்பெட்டி, மரக்கால், உழக்கு எல்லாம் வாசலுக்கு வரும். போகி விடிகாலையில் மரமாக இருப்பது எரிந்துபோகும், பித்தளையாக இருப்பது பொங்கல் கழிந்ததும் எடைக்குப் போகும். அதனால் போகிக்கு ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்த வீடுகளிலும், தெருவில் பழைய சாமான் எடுக்க வருகிற வண்டிக்காரரிடமும் சொல்லி வையுங்கள். பொங்கலுக்கு மறுவாரம் வேலூர் லாங்கு பஜார் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் பழசு எடுக்கிறவர்களிடம் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள்.