பழைய காம்பாக்ட் எஸ்யூவி ஆட்டோமேட்டிக்: ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு நெரிசலில் 15 நிமிடமாவது ஊர்ந்து ஓட்டுங்கள். ட்ரை கிளட்ச் (ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச்) உள்ள டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் குறை அங்கேதான் வெளிப்படும்: பாதி பிடித்த கிளட்ச் உரசிச் சூடாகும், தேய்ந்திருந்தால் வண்டி நகரும்போது உதறும். மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைப்பது கிளட்சைச் சீக்கிரம் கெடுக்கும், பிரேக்கைப் பயன்படுத்துங்கள். தினமும் நெரிசல் என்றால் டார்க் கன்வெர்ட்டர் (torque converter) வகை ஆட்டோமேட்டிக்கே நல்லது, அதில் ஆயில் வழியாகத்தான் விசை கடத்தப்படுகிறது. சிவிடி (தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

காலியான சாலையில் 80 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் அதிர்ந்தால் பெரும்பாலும் முன் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) சீராகத் தேயவில்லை. டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட் 3 மி.மீ.க்குக் கீழே என்றால் மாற்றவேண்டும். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். மலைப்பாதையில் அடிக்கடி இறங்குபவர்களுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் நல்லது.