டம்மி தோட்டா: வாங்குவதும் பாதுகாப்பாகப் பழகுவதும்

அமெரிக்காவில் முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்கும் நம்மவர்கள், சுடுதளத்துக்குப் போகும் முன்பே மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) நிரப்பவும் ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதி) இழுக்கவும் வீட்டில் பழக விரும்புவது இயல்பு. அதற்கு உண்மையான தோட்டாவைத் தொடக்கூடாது. வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவே ஏற்றது. கடையில் பிளாங்க் என்று எதையாவது காட்டினால் வாங்காதீர்கள். அதில் முனைக்குண்டு இல்லையே தவிர வெடிமருந்து உண்டு. மிக அருகிலிருந்து சுட்டால் அதுவும் உயிரைப் பறிக்கும்.

முதலில், துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். '9மிமீ லூகர்', '9×19' இரண்டும் ஒன்றே, '.380 ஏசிபி' வேறு.

அடுத்து, வகையைத் தேர்ந்தெடுங்கள். விசையை இழுத்துப் பழகுவதானால், ஃபயரிங் பின்னின் (தோட்டாவின் அடியைத் தாக்கும் ஊசி) அடியைத் தாங்கும் மெத்தை வைத்த ஸ்னாப் கேப் என்னும் டம்மி வேண்டும். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வகை மலிவானது என்றாலும், தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி அதன் விளிம்பை விரைவில் கடித்துவிடும். ஏ-ஸூம் போன்ற அலுமினிய வகை நெடுநாள் உழைக்கும். .22 துப்பாக்கியில் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பிலேயே அடிப்பதால், அதற்கான டம்மிகள் பெரும்பாலும் நிரப்பிப் பழகுவதற்கு மட்டுமே உதவும்.

எதை வாங்கினாலும் நிறம் பளிச்சென்று வேறுபட வேண்டும். பித்தளை நிறத்தில் அசல்போலவே இருப்பதையும், வீட்டில் செய்து தருவதையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில், டம்மி தோட்டாக்களே இருப்பதாகக் கருதிய துப்பாக்கியில் உண்மைத் தோட்டா இருந்ததால், படப்பிடிப்புக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார்.

மூன்றாவதாக, பழகும் அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வேறு அறையில் பூட்டுங்கள். பிறகு மேகசினைக் கழற்றி, அதன் பின்னரே ஸ்லைடை இழுத்து நிறுத்துங்கள். வரிசை மாறினால், வெளியே விழும் தோட்டாவின் இடத்தில் மேகசின் இன்னொன்றை ஏற்றிவிடும். சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். டம்மிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே மேகசினில் இடுங்கள். துப்பாக்கி முனை நோக்கும் சுவர் செங்கல்லோ கான்கிரீட்டோ ஆக இருக்கட்டும்; இங்குள்ள வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர் குண்டைத் தடுக்காது.

கைகள் பழகிய பின், பயிற்சியாளருடன் சுடுதளத்தில் கலவைப் பயிற்சி செய்யலாம். அவர் உங்களுக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கிடையே ஓரிரு டம்மிகளைச் செருகித் தருவார். டம்மியின் முறை வரும்போது வெடிக்காது. ஆனால் அதிர்வை எதிர்பார்த்த உங்கள் கை துப்பாக்கி முனையைச் சட்டென்று கீழே அமுக்குவது அப்பட்டமாகத் தெரியும். இத்தனை தெளிவாகக் குறையைக் காட்டும் பயிற்சியை நான் வேறு அறியேன். ஆயினும், 'டிக்' என்றது டம்மியா, தாமதமாக வெடிக்கப்போகும் தோட்டாவா என்று அக்கணத்தில் தெரியாது. எனவே முனையை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருந்து, பிறகே ஸ்லைடை இழுக்க வேண்டும்.

முடித்ததும் டம்மிகளை எண்ணிப் பெட்டியில் இடுங்கள்; ஒன்று குறைந்தால் மேகசினையும் சேம்பரையும் மறுபடி பாருங்கள். உண்மைத் தோட்டாவை நிரப்பிய பிறகு 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று விசையைத் தொடுவதுதான் வீட்டில் நேரும் விபத்துகளின் வழக்கமான கதை என்பதால், "பயிற்சி முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.