முதல் பெயிண்ட்பால் துப்பாக்கி: காசைப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் பெயிண்ட்பாலை கோலாலம்பூரில் ஆடத் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர், வாடகைத் துப்பாக்கியில் நாலு ஆட்டம் ஆடியதுமே கைப்பேசியில் விலை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் பொருளைத் தேடுவதற்கு முன்பு சட்டத்தைக் கேட்க வேண்டும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே பார்க்கிறது. போலித் துப்பாக்கிக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டுக் கடையில் பணம் கட்டிவிட்டு, பொட்டலம் சுங்கத்துறையில் மாட்டிக்கொண்ட பிறகு விதிமுறையை விசாரித்து என்ன பயன்? எதை, யார் பெயரில், எந்த அனுமதியோடு வைத்திருக்கலாம் என்று போலீசிடம் முதலில் கேளுங்கள். களம் நடத்துகிறவர்களும் வழி சொல்வார்கள். அதுவரை வாடகைத் துப்பாக்கியே போதும்.

சரி, அதற்குள் கை அரித்தால் மாஸ்க் வாங்குங்கள். துப்பாக்கிக்கு ஆயிரக்கணக்கில் ஒதுக்கிவிட்டு மாஸ்க்கில் மிச்சம் பிடிப்பதைப் போல் எனக்குக் கோபம் வரவைப்பது வேறில்லை. களங்களில் குண்டின் வேகத்தைப் பொதுவாக நொடிக்கு 300 அடிக்குள் வைத்திருப்பார்கள். மணிக்குக் கணக்கிட்டால் சுமார் 330 கிலோமீட்டர்! கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மோட்டார் சைக்கிள் கண்ணாடி, பட்டறைக் கண்ணாடி எதுவும் இதற்கு ஆகாது. பெயிண்ட்பாலுக்கென்றே செய்த, ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 என்ற பாதுகாப்புத் தரம் குறித்திருக்கும் மாஸ்க்காகப் பாருங்கள். லென்ஸ் இரட்டை அடுக்குத் ‘தெர்மல்’ வகையாக இருக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒற்றை லென்ஸ் சீக்கிரம் ஆவி படிந்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போனால் கை தானாக மாஸ்க்கைத் தூக்கும். ஆபத்து வருவது அந்த நொடியில்தான்.

அடுத்தது, குண்டைத் தள்ளும் காற்று. விலை குறைவு என்று கார்பன் டை ஆக்சைடு டேங்கோடு வரும் செட்டைப் பலர் எடுக்கிறார்கள். அந்த வாயு டேங்குக்குள் திரவமாக இருக்கும். வெப்பம் கூடினால் அழுத்தமும் ஏறும். 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திரவமாகவே நிற்காது. கோலாலம்பூர் மதிய வெயில் சாதாரணமாகவே 32, 33 டிகிரி. அதனால் காலையில் அளந்து சரிசெய்த வேகம் மதியம் மாறிப்போகும். வேகமாகத் தொடர்ந்து சுட்டால் டேங்க் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். திரவம் துப்பாக்கிக்குள் புகுந்தால் ரப்பர் வளையங்கள் கெடும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் நிறைந்த டேங்கை விட்டுவிட்டால் பாதுகாப்புத் தகடு வெடித்து வாயு முழுவதும் போய்விடும். அழுத்தக் காற்று டேங்கில் இந்தத் தலைவலி குறைவு. உங்கள் களத்தில் அதை நிரப்பித் தருகிறார்களா, எத்தனை பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வரை என்று கேட்டுவிட்டு, அதற்குப் பொருந்தும் துப்பாக்கியை எடுங்கள். 3000 வரைதான் நிரப்பும் களத்தில் 4500 டேங்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

நீளமான பேரல் (துப்பாக்கிக் குழல்) தூரமாக அடிக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வேகத்துக்குக் களமே வரம்பு போட்டிருக்கும்போது, பேரலை நீட்டித் தூரம் கூட்ட முடியாது. குண்டின் அளவுக்குப் பேரலின் உள்விட்டம் பொருந்துவதும், குண்டு ஈரத்தில் உப்பாமல் இருப்பதும்தான் குறியைக் காப்பாற்றும். குண்டின் தோல் ஜெலட்டின் என்பதால் திறந்த பையை வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

எலக்ட்ரானிக் துப்பாக்கி மேல் வரும் மோகம் பையைக் காலியாக்கும். நொடிக்குப் பத்து குண்டு போனால் 200 குண்டு பிடிக்கும் ஹோப்பர் (துப்பாக்கி மேல் மாட்டும் குண்டுப் பெட்டி) இருபதே நொடியில் தீர்ந்துவிடும். பேட்டரி, சென்சார் பராமரிப்பு வேறு. தொடக்கத்தில் டிப்மேன் 98 போன்ற மெக்கானிக்கல் வகையே நல்லது என்பது என் கருத்து. கழற்றித் துடைத்து மாட்டுவது எளிது, உதிரிப் பாகத்துக்கும் அதிகம் அலைய வேண்டாம்.

பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விற்கிறவரைக் களத்துக்கே வரச் சொல்லுங்கள். காற்றை நிரப்பி, காதருகே வைத்து ‘உஸ்’ என்ற கசிவு கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வேகமானியில் சில குண்டுகளைச் சுட்டு, எண்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். டேங்கின் மேல் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியையும் படியுங்கள். கெடு தாண்டியிருந்தால் களத்தில் நிரப்ப மறுத்துவிடுவார்கள். அந்த டேங்கைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.