பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர் ஏர்சாஃப்ட்: முதலில் சீருடை, கடைசியில் துப்பாக்கி

பிரிட்டனில் இருந்துகொண்டு இரண்டாம் உலகப் போர் ஏர்சாஃப்ட் ஆட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியில்தான் தொடங்குகிறார்கள். இணையக் கடையில் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் மாதிரி ஒன்றைப் பார்த்துக் கூடையில் போடுவார்கள். பணம் கட்டும் பக்கத்தில் ‘யுகாரா எண்’ (ஏர்சாஃப்ட் ஆடுபவர் என்பதற்கான பதிவு எண்) கேட்கும். அங்கேயே ஆசை நின்றுவிடும். எனக்கு அந்த எண் கிடைத்து, இத்தாலிப் போர்முனை உடையில் ஆடவும் தொடங்கிவிட்டேன். அதற்கு நான் போன வழியை வரிசையாக எழுதுகிறேன். ஏர்சாஃப்ட் என்பது அசல் போன்ற போலித் துப்பாக்கிகளால் பிபி என்னும் சிறிய பிளாஸ்டிக் குண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் விளையாட்டு.

சட்டம் எதைத் தடுக்கிறது?

2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், 36ஆம் பிரிவு. நடைமுறைக்கு வந்தது 2007 அக்டோபர் 1. அசலிலிருந்து பிரித்தறிய முடியாத போலித் துப்பாக்கியை விற்பது, தயாரிப்பது, வெளிநாட்டிலிருந்து இறக்குவது, சாதாரணப் போலியை அசல் தோற்றத்துக்கு மாற்றுவது ஆகிய நான்கும் குற்றம். வீட்டில் வைத்திருப்பதை இந்தப் பிரிவு தொடவில்லை. அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி, வரலாற்று மறுநிகழ்த்தல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 2007 விதிமுறைகள் மூலம் ஏர்சாஃப்ட் ஆட்டமும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆனால் மூன்றாம் தரப்புக் காப்பீடு உள்ள ஆட்டமாக இருக்க வேண்டும்.

‘நாம் வாங்குவது 80 வருடப் பழைய துப்பாக்கியின் மாதிரிதானே, அதற்குமா தடை?’ என்று பலர் கேட்கிறார்கள். ஆம், அதற்கும்தான். சட்டத்தின் கண்ணில் 1870க்கு முந்தைய வடிவமைப்பு மட்டுமே பழையது. 1851 கோல்ட் நேவி ரிவால்வர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். லீ என்ஃபீல்டு, லூகர், ஸ்டென், எம்பி40 போன்ற உலகப் போர்த் துப்பாக்கிகள் எல்லாம் இந்தப் பக்கம். இரண்டு உலகப் போர்களிலும் காலாட்படை கையிலிருந்த ஆயுதம் எதுவும் இந்த விலக்கில் தப்பாது.

படி 1: களத்தைத் தேர்ந்தெடுங்கள்

யுகாரா என்பது அரசு உரிமம் அல்ல. ஏர்சாஃப்ட் விற்பனையாளர்கள் சங்கம் நடத்தும் பதிவேடு அது. உங்களுக்கு விற்றதற்குச் சட்டப்படியான காரணம் இருந்தது என்று கடைக்காரர் காட்டுவதற்கான ஆதாரம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சங்கத்தில் பதிவான ஒரு களத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். அவை 56 நாட்களுக்குக் குறையாத காலத்தில் பரவியிருக்க வேண்டும்.

ஆகவே களம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். காடு அழகாக இருக்கிறது என்று மூன்று மணி நேரத் தொலைவில் ஒன்றைப் பிடித்தால் மூன்றாவது ஆட்டத்துக்குள் அலுத்துவிடும். முன்பதிவு செய்வதற்கு முன்பே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் களம் யுகாரா பதிவில் உள்ளதா? உறுப்பினர் கட்டணம் தனியாக உண்டா?

படி 2: மூன்று ஆட்டம், 56 நாள்

ஆட்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். நான் நீண்ட நாள் காத்துக் கிடந்ததும் இங்கேதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் சிக்கல், நாள் கணக்கு. அடுத்தடுத்து மூன்று ஞாயிறு ஆடிவிட்டுப் படிவம் நீட்டினால் நடக்காது. முதல் ஆட்டத்துக்கும் மூன்றாவது ஆட்டத்துக்கும் நடுவே குறைந்தது எட்டு வாரம் இருக்க வேண்டும். 2026 ஜனவரி 4 ஞாயிறன்று முதல் ஆட்டம் என்றால், மூன்றாவதை மார்ச் 1 ஞாயிறுக்கு முன் வைத்துக்கொள்வதில் பயனில்லை. இரண்டாவது ஆட்டம் இடையில் எந்த வாரமானாலும் சரி. ஆகவே யோசித்துக்கொண்டே இருக்காமல் முதல் ஆட்டத்தைச் சீக்கிரம் ஆடிவிடுங்கள். கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்கும்.

இரண்டாவது சிக்கல் நம்மைப் போன்ற வரலாற்று ஆர்வலர்களுக்கே உரியது. இரண்டாம் உலகப் போர் ஆட்டங்கள் வாராவாரம் நடப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெவ்வேறு இடங்களில் நடக்கும். ‘நான் அதை மட்டும்தான் ஆடுவேன்’ என்று உட்கார்ந்தால் ஒரே களத்தில் மூன்று நாள் சேராது. அதனால் கணக்குக்கான மூன்றையும் சாதாரண ஞாயிறு ஸ்கிர்மிஷிலேயே (காலக் கட்டுப்பாடு இல்லாத வழக்கமான ஆட்டம்) முடித்துவிடுங்கள். சுற்றிலும் எல்லோரும் நவீனப் படை உடையில் எம்4 என்ற இக்காலத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் களத்தின் வாடகைத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு இறங்குங்கள். மறைந்து நகர்வது, அடிபட்டால் தானாகக் கை தூக்குவது, மார்ஷல் (களத்தின் நடுவர்) சொன்னதைக் கேட்பது எல்லாம் எந்தக் காலத்து ஆட்டத்துக்கும் ஒன்றுதான்.

ஒவ்வொரு ஆட்டநாள் முடிவிலும் உங்கள் வருகை பதிவாகிவிட்டதா என்று வரவேற்பு மேசையில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். காலை நெரிசலில் பெயர் விட்டுப்போனால் இன்னொரு ஞாயிறு கூடுதலாகும்.

படி 3: காத்திருக்கும் எட்டு வாரத்தில் உடை

சட்டம் உடையைத் தடுக்கவில்லை. அந்த எட்டு வாரமும் உடைக்குத்தான். வரலாற்று ஏர்சாஃப்டின் பாதி இன்பம் இதில் இருக்கிறது என்பேன்.

முதலில் ஒரு படை, ஒரு முனை, ஒரு வருடம் என்று முடிவு செய்யுங்கள். ‘பிரிட்டிஷ் சிப்பாய்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டு வாங்கினால் நார்மண்டித் தலைக்கவசமும் பாலைவனக் கால்சட்டையும் ஒரே ஆள் மேல் வந்து சேரும்.

என் தேர்வு 1944, இத்தாலி, இந்தியப் படை. காரணம் சுபேதார் சுப்பிரமணியம். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்; மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய வீர விருது வழங்கப்பட்டது. இந்தப் பெயரைக் களத்தில் யாருக்காவது சொல்லும் வாய்ப்புக்காகவே அந்த உடையை நான் அணிகிறேன். தமிழர் யாரும் அந்தப் போரில் இல்லை என்று நினைக்கிறவர்கள் நம்மிலேயே நிறைய.

வாங்க வேண்டியவை: குளிர்காலத்துக்குக் கம்பளி பேட்டில்டிரெஸ் (போர்ச் சீருடை), கோடைக்குக் காக்கி டிரில் (பருத்திச் சீருடை), மார்க் 2 தலைக்கவசம், கறுப்பு அம்யூனிஷன் பூட்ஸ் (படைவீரர் காலணி), 1937 பேட்டர்ன் வெப்பிங் (பை மாட்டும் துணி வார்கள்). வெப்பிங்கை மட்டும் அசலாகத் தேடுங்கள். இன்றும் கிடைக்கிறது. உள்பக்கத்தில் தயாரிப்பாளர் பெயரும் வருடமும் முத்திரையாக இருக்கும். பித்தளை முனைகளில் பச்சை படிந்திருக்கும். வார்களுக்கு நிறமேற்றும் பழைய பிளாங்கோ பூச்சு விரலில் மாவாக ஒட்டும். அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு கேஜி3 என்ற காக்கிப் பச்சை நிறத்தை மெல்லிதாக இரண்டு முறை பூசினால் போதும். ஒரே தடவையில் அப்பினால் காய்ந்து வெடித்து உதிரும். கம்பளி உடைக்கு மறுதயாரிப்பு வாங்குவதே நல்லது. அசல் துணி சேற்றில் புரள்வதற்கு உரியதல்ல. பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

கண்ணில் மட்டும் வரலாறு பார்க்காதீர்கள். இஎன்166 என்ற கண் பாதுகாப்புத் தரத்தில் ‘எஃப்’ குறி கொண்ட கண்ணாடி நொடிக்கு 45 மீட்டர் வேக மோதலுக்குச் சோதிக்கப்பட்டது. ‘பி’ குறி 120 மீட்டருக்கு. களங்களில் குண்டு வேகத்துக்கு வழக்கமான 350 எஃப்பிஎஸ் (நொடிக்கு 350 அடி) என்பது நொடிக்குச் சுமார் 107 மீட்டர். அந்தக் காலத்துத் தூசுக் கண்ணாடியைத் தலைக்கவசத்தின் மேல் மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் ‘பி’ குறி.

படி 4: படிவம்

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் களத்தாரே படிவத்தைக் கையில் கொடுப்பார்கள், அல்லது தாங்களே அனுப்புவார்கள். பதிவு ஓராண்டுக்குச் செல்லும். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

படி 5: இப்போது துப்பாக்கி

இத்தாலி முனைக்கு என் முதல் பரிந்துரை தாம்சன் எம்1ஏ1. அங்கே பிரிட்டனின் எட்டாம் படையினர் கையில் ஸ்டென்னைவிட அதுதான் அதிகம். சைமா நிறுவனத் தயாரிப்பு போதும். பேட்டரி துப்பாக்கியின் பின்கட்டைக்குள் வசதியாக உட்காரும், உதிரிபாகமும் கிடைக்கும். நார்மண்டிக்கு ஸ்டென் வேண்டும் என்றால் ஏஜிஎம் நிறுவனத்தினுடையதைப் பாருங்கள்.

ஏரெஸ் நிறுவனத்தின் லீ என்ஃபீல்டு அழகு. போல்ட்டை இழுத்து ஒவ்வொரு குண்டாகச் சுடும் நிதானம் வேறெதிலும் வராது. ஆனால் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தை ஏற்றாதீர்கள். ஒற்றைச் சுடு துப்பாக்கிக்குச் சட்ட வரம்பு 2.5 ஜூல், தானியங்கிக்கு 1.3 ஜூல். களங்கள் போல்ட் துப்பாக்கிக்கு 500 எஃப்பிஎஸ் வரை விட்டாலும், 350ஐத் தாண்டினால் 30 மீட்டருக்குள் சுடக்கூடாது என்பது பரவலான விதி. புதர்க்காட்டில் எதிரி பத்து மீட்டரில் எழுந்து நிற்கும்போது அந்தத் துப்பாக்கி கையில் வெறும் கட்டை. 350க்குள் வைத்துக்கொண்டால் எல்லோரோடும் சேர்ந்து ஆடலாம்.

மேகசின் (குண்டு நிரப்பும் பெட்டி): பற்சக்கரம் சுழற்றும் ஹைகேப் (அதிகக் கொள்ளளவு) வகை வேண்டாம். ஓடும்போது உள்ளே குண்டுகள் கிலுகிலுக்கும் சத்தமே காலத்தைக் கெடுத்துவிடும். குறைந்த கொள்ளளவு மேகசின் ஐந்தாறு வாங்குங்கள். வெப்பிங்கின் மேகசின் பையான பேசிக் பௌச்சில் அது உள்ளே போய் மூடி மாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

படி 6: எடுத்துப் போவது

பொது இடத்தில் தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கியை வைத்திருப்பது 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி குற்றம். மூடிய பையில், பேட்டரி கழற்றி, மேகசின் தனியே. வீட்டிலிருந்து நேராகக் களத்துக்கு, அங்கிருந்து நேராக வீட்டுக்கு. வழியில் சீருடையில் பெட்ரோல் போட இறங்க வேண்டியிருந்தால் மேலே ஒரு சாதாரணக் கோட்டு. தோட்டத்தில் நின்று துப்பாக்கியோடு படம் எடுப்பதும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆயுதம்தான்.

பிற்சேர்க்கை

இதை நண்பர்களுக்கு அனுப்பியபோது திரும்பத் திரும்ப வந்த ஒரு கேள்வி: ‘டூ டோன் (பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறம் அடித்த துப்பாக்கி) வாங்கிப் பெயிண்ட் அடித்தால் என்ன?’ பளிச்சென்ற நீலம், பச்சை, ஆரஞ்சு போன்ற நிறம் முதன்மையாக இருந்தால் அது ‘அசல் போன்றது’ ஆகாது. கடைகள் 51 சதவீதம் அடித்துக் கொடுப்பது அதனால்தான். 18 நிரம்பிய எவரும் யுகாரா இல்லாமல் வாங்கலாம். ஆனால் அதைக் கறுப்பாக்குவது மேலே சொன்ன நான்கில் கடைசியான ‘மாற்றுவது’. விலக்கு உள்ளவருக்கே அது செல்லும். யுகாரா எண் வரும்வரை நீலம் நீலமாகவே இருக்கட்டும். என்னைக் கேட்டால் டூ டோனே தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.

இன்னொன்று: வட அயர்லாந்தில் துப்பாக்கிச் சட்டமே தனி. மேலே உள்ளது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு மட்டும்.