பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் சிடி3, சிடி8: சாயமேற்றி எண்ணும் முறை

பெருங்குடல் புற்றுக்கட்டிக்குள் எத்தனை டி அணுக்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) நுழைந்திருக்கின்றன, எந்த இடத்தில் நிற்கின்றன என்பது நோயின் போக்கைச் சொல்லும் என்று ஜெரோம் காலோன் குழு 2006-இல் காட்டியது. சிடி3 எல்லா டி அணுக்களிலும் இருக்கும் புரதம். சிடி8 பெரும்பாலும் கொல்லி டி அணுக்களுக்கு உரியது. எண்ணும் இடம் தவறினால், சாயம் எவ்வளவு தெளிவாக விழுந்தாலும் பயனில்லை.

ஆகவே முதல் வேலை பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) தேர்வு. சாதாரண ஹீமாடாக்சிலின்-ஈயோசின் ஸ்லைடைப் பார்த்து, கட்டியின் நடுப்பகுதியும் ஆழமாக ஊடுருவும் விளிம்பும் சேர்ந்து வரும் பிளாக்கை எடுங்கள். எண்டோஸ்கோப்பி பயாப்சியில் பெரும்பாலும் அந்த விளிம்பு கிடைக்காது.

4 மைக்ரான் தடிமனில் அடுத்தடுத்து இரண்டு சீவல் (சிடி3-க்கு ஒன்று, சிடி8-க்கு ஒன்று) வெட்டி, பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஸ்லைடில் ஏற்றி, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். சளியும் கொழுப்பும் மிகுந்த குடல் திசு எளிதில் கழன்றுவிடும். இந்தச் சூட்டைக் குறைக்க வேண்டாம். மெழுகை நீக்கும் சைலீன், ஆல்கஹால் வரிசை முடிந்ததும், ஆன்டிபாடி பற்றும் இடங்களை மீண்டும் திறக்க, பிஹெச் 9 டிரிஸ்-இடிடிஏ கரைசலில் 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம். பிறகு அதே கரைசலிலேயே 20 நிமிடம் ஆறட்டும்.

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். குடலில் இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. சளிச்சவ்வில் நிறைந்திருக்கும் ஈயோசினோஃபில்களுக்குச் சொந்தப் பெராக்சிடேஸ் உண்டு. அடைக்காவிட்டால் அவையும் பழுப்பாகி டி அணு போலத் தோன்றும். அடுத்து அந்தப் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடி (சிடி8-க்கு சி8/144பி குளோன், அதாவது அந்த ஆன்டிபாடி வகை, நன்கு பழகியது) 30 முதல் 60 நிமிடம், ஆன்டிபாடியோடு பெராக்சிடேஸை இணைக்கும் பாலிமர் 30 நிமிடம், பழுப்பு நிறம் தரும் டிஏபி 5 நிமிடம். ஆன்டிபாடியின் நீர்ப்பு அளவை உங்கள் டான்சில் (தொண்டைச் சதை) ஸ்லைடில் சோதித்தே முடிவு செய்யுங்கள்: ஃபாலிக்கிள்கள் எனும் உருண்டையான பி அணுத் திரள்களுக்கு இடைப்பட்ட பகுதி அடர்த்தியாகவும், ஃபாலிக்கிளின் உள்மையம் சிடி8-இல் ஏறக்குறைய வெறுமையாகவும் தெரிய வேண்டும். ஆன்டிபாடி இடாத ஸ்லைடு ஒன்றும் உடன் ஓடட்டும். ஸ்லைடின் ஓரம் மட்டும் கருத்திருந்தால் இடையில் ஏதோ ஒரு படியில் அது காய்ந்திருக்கிறது. அந்த ஓரத்தை எண்ணாதீர்கள்.

விளிம்பு என்பது புற்றணுக்கள் முடியும் கோட்டுக்கு இருபுறமும் அரை மில்லிமீட்டர். அங்கே ஐந்து புலம் (மைக்ராஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்), நடுப்பகுதியில் ஐந்து புலம் எண்ணுங்கள். அழுகிய திசு, சளித் தேக்கம், நிணத் திரள் (லிம்ஃபோசைட்டுகள் குவிந்த இடம்) ஆகியவற்றை விலக்குங்கள். ஒரே ஒரு நிணத் திரள் புலத்துக்குள் விழுந்தாலும் சராசரி ஏறிவிடும்.

மைக்ராஸ்கோப் ஐபீஸில் பொறித்திருக்கும் புல எண்ணைப் பார்க்க மறக்காதீர்கள். 40 மடங்கு லென்ஸில், எண் 22 என்றால் ஒரு புலம் 0.24 சதுர மில்லிமீட்டர். 20 என்றால் 0.2க்குச் சற்றுக் குறைவு. ஐந்து புலத்தில் 300 அணுக்கள் என்றால் முன்னதில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 253, பின்னதில் 306.

ஒரே இடத்தில் சிடி8 எண்ணிக்கை சிடி3-ஐத் தெளிவாகத் தாண்டினால், சிடி3 சாயம் சரியாக ஏறவில்லை என்றே கொண்டு, முதலில் அதை மறுபடி ஓட்டுங்கள்.