பசித்தால் சாப்பிடுவது, போதும் என்றால் நிறுத்துவது: மறந்துபோனதை மறுபடி பழகுவது எப்படி

திங்கட்கிழமையிலிருந்து டயட் என்று சொல்லிவிட்டு ஞாயிறு ராத்திரி பிரியாணியை ஒரு கை பார்த்தவர்களுக்காக எழுதுகிறேன். திங்கள் ஓட்ஸ், செவ்வாய் சுண்டல், புதன் சாயங்காலம் ஆபீஸில் யாரோ கேக் வெட்டுவார்கள், வியாழன் "சரி, இந்த வாரம் போச்சு, அடுத்த திங்கள் பார்த்துக்கலாம்" என்று முடிந்துவிடும். உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று வீட்டில் சொல்வார்கள், நீங்களும் நம்பியிருப்பீர்கள். நம்பாதீர்கள்.

1944இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு ஆய்வு நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், எல்லோரும் தாமாகவே முன்வந்தவர்கள். 24 வாரங்களுக்கு அவர்களின் சாப்பாட்டைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்தார்கள். எடை கால்வாசி குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதோடு அவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகிவிட்டது. சமையல் குறிப்பு சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள். பிறகு தாராளமாகச் சாப்பாடு கொடுத்தபோது சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். பட்டினி போட்டால் உடம்பு இப்படித்தான் பதில் சொல்லும். ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் மிக்சர் டப்பாவைத் திறப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்டியூட்டிவ் ஈட்டிங், அதாவது உள்ளுணர்வைக் கேட்டுச் சாப்பிடுவது, என்ற பெயரில் 1995இல் இரண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் முன்வைத்த முறை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்பதை டயட் சார்ட்டிடமிருந்து வாங்கி உடம்பிடம் திருப்பிக் கொடுப்பது. இது எடை குறைக்கும் திட்டம் அல்ல, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை குறையலாம், கூடலாம், அப்படியே இருக்கலாம். வாரத்துக்கு எத்தனை கிலோ என்று கேட்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

முதல் வேலை, பசியை அடையாளம் காண்பது. சாப்பிட உட்காரும்போது ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கொடுத்துப் பாருங்கள். ஒன்று என்றால் தலை சுற்றி, கை நடுங்கி, பக்கத்தில் இருப்பவர் மேல் எரிந்து விழும் நிலை. பத்து என்றால் கல்யாண விருந்து முடிந்து மூச்சுவிட முடியாத நிலை. மூன்று, நான்கில் சாப்பிட ஆரம்பித்து ஆறு, ஏழில் எழுந்துவிட முடிந்தால் நல்லது. எண் துல்லியமாக இருக்க வேண்டும் என்று இல்லை, கேட்கிற பழக்கம் வந்தால் போதும்.

"எனக்குப் பசியே தெரிவதில்லை" என்று பலர் சொல்வார்கள். வருஷக்கணக்காகக் காலையில் வெறும் காபியோடு ஓடினால் தெரியாதுதான். கிரெலின் என்ற பசி ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறும். அதனால் முதல் சில வாரங்களுக்குப் பசிக்கிறதோ இல்லையோ, காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் ஓரளவு ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள், நடுவில் நாலு மணிக்கு டீயோடு சுண்டலோ கடலையோ ஏதாவது. போகப்போக பசி தானாக வந்து கூப்பிடும்.

இதில் பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, டயட் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. நம் வீடுகளில் பாதிப் பேருக்குப் பசி இரண்டோ மூன்றோ ஆக இருக்கும்போது சாப்பிடும் உரிமை கிடையாது. எல்லோருக்கும் போட்டு முடித்து, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, அடுப்பைத் துடைத்துவிட்டு, மூன்று மணிக்கு நின்றுகொண்டே பாத்திரத்திலிருந்து ஆறிப்போன சோறு. அந்தப் பசியில் அளவும் தெரியாது, ருசியும் தெரியாது. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசையும் அதோடு உள்ளே போகும். அப்புறம் "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்ல, எப்படி உடம்பு போடுது" என்ற கேள்வி. இதற்கு உள்ளுணர்வு, ஹார்மோன் என்று விளக்கம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, வீட்டு ஏற்பாடு மாற வேண்டும். எல்லோரோடும் சேர்ந்து உட்காருங்கள். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டால் அவரவர் போட்டுக்கொள்வார்கள், கை எல்லோருக்கும் இருக்கிறது. முதல் வாரம் முகம் கோணும், பிறகு பழகிவிடும். அதுவரை பதினோரு மணிக்கே ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் வேர்க்கடலையும் உங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சாப்பிடவே கூடாது என்று நீங்களே போட்டுக்கொண்ட தடையை எடுப்பது. அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது? வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மைசூர்பாகு? எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள், ஒன்றை மட்டும் எடுங்கள். சோறு என்றால் சோறு. நல்ல பசியில், கூட்டு பொரியலோடு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள், அடுத்த நாளும் அதே. முதல் சில நாட்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே உள்ளே போகும், பயப்பட வேண்டாம். நாளைக்கும் கிடைக்கும் என்று உடம்புக்கு நம்பிக்கை வந்தபிறகு அந்த வேகம் மெல்லத் தணியும். மைசூர்பாகு என்றால் டப்பாவிலிருந்து நின்றபடி தின்னாமல் ஒரு தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். மூன்றாவது துண்டு முதல் துண்டு மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இருக்காது.

எப்போது நிறுத்துவது? வயிறு நிறைந்த செய்தி மூளைக்குத் தெரிய சுமார் இருபது நிமிஷம் ஆகும் என்பார்கள். நம் சாப்பாட்டில் இதற்கு வசதி ஏற்கெனவே இருக்கிறது. சாம்பார் சாதம் முடிந்து ரசத்துக்குப் போகும் முன் ஒரு நிமிஷம், ரசம் முடிந்து மோருக்குப் போகும் முன் ஒரு நிமிஷம் கையை நிறுத்திக் கேளுங்கள், இப்போது எண் என்ன? ரசத்தோடு போதும் என்றால் மோரை டம்ளரில் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு, வீணாகாது.

மனக் கஷ்டத்தில் சாப்பிடுவதும் உண்டு. மேனேஜர் திட்டிய நாளில் கை பஜ்ஜி பக்கம் போனால் பாவம் ஒன்றும் இல்லை, சாப்பிடுங்கள். தினமும் அப்படியே நடந்தால் மட்டும் பஜ்ஜிக்கு முன் ஒரு கேள்வி: இது பசியா, களைப்பா, பேச ஆள் இல்லாததா? களைப்பு என்றால் தூக்கம்தான் மருந்து.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பசி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வேளை தவறாமல் சாப்பிடுங்கள், அளவையும் வகையையும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். ருசித்து, கவனித்துச் சாப்பிடுவது உங்களுக்கும் பொருந்தும். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, அடக்க முடியாமல் தின்பது என்று இருந்தால் இந்தக் கட்டுரையை நம்பி உட்காராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, உறவினர்கள். "என்ன, நல்லா குண்டாயிட்ட" என்று வாசலிலேயே சொல்லும் அத்தையே அரை மணி நேரத்தில் "ரெண்டு இட்லிதானா, இன்னும் ஒண்ணு வெச்சுக்கோ" என்பார். முதலாவதுக்குப் பதில் தேவையில்லை, "நீங்க எப்படி இருக்கீங்க அத்தை, முட்டி வலி பரவாயில்லையா" என்று பேச்சை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். இரண்டாவதுக்கு, காலித் தட்டோடு உட்காராதீர்கள், காலியாக இருந்தால் கரண்டி வந்துவிடும். கடைசி வாய் தட்டில் இருக்கும்போதே "சட்னி ரொம்ப நல்லா இருக்கு அத்தை, எனக்குக் கொஞ்சம் கட்டிக் குடுங்க, ராத்திரிக்கு வெச்சுக்கறேன்" என்று சொல்லுங்கள்.